வீட்டுக்காரர் யார்?

கண்டியில் துணி காயாது. யாழ்ப்பாணத்தில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் நம்பமாட்டீர்கள். அங்கே காலையில் தோய்த்து வேலியில் விரித்த சேலையை உலை கொதிக்கும் முன்னரே மடித்து எடுத்துவிடலாம். சற்றுப் பிந்தினால் அது அப்பளம் போல மொறுமொறுத்துக் கிடக்கும். இங்கே மழை மாதங்களில் ஒரு சேலை மூன்று நாள் கொடியில் தொங்கும். மூன்றாம் நாள் தொட்டாலும் கையில் ஈரம் ஒட்டும். மூக்கில் வைத்தால் நனைந்த சாக்கின் வாடை. வந்த புதிதில் நான் ஒரு நாளைக்கு நாலு தரம் கொடியடிக்குப் போய்த் தொட்டுப் பார்த்து வருவேன். "தொட்டால் காயுமோ?" என்று அண்ணி சிரிப்பா. எட்டு வருஷமாகியும் அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை.

நான் வேலை செய்யும் இடத்தில் இந்த ஈரம் ஒரு பெரிய காரியம். கட்டுக்கலைப் பக்கத்தில் உள்ள ஓர் ஓட்டு வீடு அது. வீடில்லாமற் போன பெண்கள் ஆபத்து அவசரத்துக்கு வந்து தங்குவதற்கென்று வெள்ளைக்கார மாதர் சிலரும் பறங்கி மாதர் சிலரும் கமிட்டி வைத்து நடத்துகிறார்கள். எட்டுக் கட்டில், சமையலுக்கு ஒரு சிங்கள அம்மா, மேற்பார்வைக்கு மிஸ் பார்லோ, எழுத்து வேலைக்கும் மொழிபெயர்ப்புக்கும் நான். தமிழ்ச் சனங்கள் அதைத் துரைசாணி வீடு என்பார்கள். எசமானி துரத்திய வேலைக்காரி வருவாள். ஆஸ்பத்திரியில் இனிப் போகலாம் என்று துண்டு வெட்டி அனுப்பியபின் போக்கிடம் இல்லாதவள் வருவாள். ஒருவனை நம்பி வந்து, ரெயில் ஸ்டேஷனில் "இதிலே இரு, தண்ணி வாங்கிவாறன்" என்ற சொல்லோடு விடப்பட்டவளும் வருவாள். எல்லோருக்கும் சட்டம் ஒன்றுதான்: மூன்று இரவு. அதற்குள் தன் வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் ஒரு நாளும் வழி இல்லாமல் நின்றிருக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம். நல்ல காலமாக, வருகிறவளிடம் பெரும்பாலும் உடுத்த சேலை ஒன்றுதான் இருக்கும். அதைத் தோய்த்துப் போட்டால் காயும்வரை விடுதிச் சேலையில் இருக்கலாம். ஈரச் சேலையோடு ஒரு பெண்ணைத் தெருவில் விடுவது தருமம் அல்ல என்று மிஸ் பார்லோவே ஒப்புக்கொண்டிருந்தார். நாலாம் நாள் காலையில் அவர் என் முகத்தைப் பார்ப்பார். நான் கொடியைத் தொட்டுவிட்டு வந்து, "இன்னும் காயவில்லை" என்பேன். ஒன்பது நாள்வரை காயாத சேலைகளும் எங்களிடம் இருந்திருக்கின்றன.

என்னைக் கண்டிக்கு அழைத்து வந்தவர் அண்ணர். அவர் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பேசிவந்த சம்பந்தம் இரண்டு குழம்பிப் போயிருந்தன, மூன்றாவதைப் பேச ஐயாவுக்கு உற்சாகம் இருக்கவில்லை. ஊரில் இருந்தால் எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரும் விசாரிப்பார்கள், கண்டியில் விசாரிக்க ஆளில்லை என்று அவர் நினைத்தார். கப்பலேறவில்லை, கடல் கடக்கவில்லை, ஒரே தீவுதான். ஆனாலும் மலாயாவுக்குப் போனவர்கள் ஊருக்கு எழுதும் கடிதங்களை வாசிக்கும்போது அதிற் பாதி எனக்கும் பொருந்துவதைக் கண்டிருக்கிறேன். கறிவேப்பிலை வாங்குவதற்கு வேறு பாஷை வேண்டும். எங்கள் ஊரில் நேரே பார்த்தால் வானம் தெரியும், இங்கே கழுத்தை நிமிர்த்த வேண்டும், நாலு பக்கமும் மலை மறைத்துக்கொண்டு நிற்கும். அண்ணர் மஹியாவையில் ஒரு சிங்களவரின் வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார். அதன் கூரை மூன்று இடத்தில் ஒழுகியது.

மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீசு எனக்கு இந்த வேலையைத் தேடித் தந்தது. முதல் நாள் மிஸ் பார்லோ கேட்டார்: "தோட்டத்துத் தமிழ் உனக்கு விளங்குமா?" எனக்குச் சிரிப்பு வந்தது. தமிழைச் சுத்தமாகப் பேசுகிறவர்கள் எங்கள் ஊரவர்கள்தான், ஆகவே மற்றவர்கள் பேசுவது எப்படியும் விளங்கும் என்று சொன்னேன். சொன்னது மட்டுமல்ல, நம்பவும் நம்பினேன். யாழ்ப்பாணத்தில் இதை வாசிக்கிறவர்களில் இன்றும் அப்படி நம்புகிறவர்கள் இருப்பீர்கள். என் நம்பிக்கைக்கு ஐந்து மாதம்தான் ஆயுள்.

ஒரு புதன்கிழமை பின்னேரம், மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு மாட்டுக்கரத்தை வாசலில் வந்து நின்றது. அலவத்துகொடையிலிருந்து பாக்கும் மிளகும் கொண்டுவந்து விற்கும் காசிம் நானாவின் கரத்தை. சாக்குகளுக்கு நடுவே ஒரு பெண் இருந்தாள். வலது கையை இடது கையால் ஏந்திப் பிடித்திருந்தாள்.

"கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில நனஞ்சிக்கிட்டிருந்திச்சி இந்தப் புள்ள" என்றார் காசிம் நானா. "கேட்டாப் பேசுதில்ல. எங்கட ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஏலா தங்கச்சி, ஊருல நூறு கத கதைப்பாங்க. இங்க ஒரு துரைசாணி ஊடு இரிக்கிதென்டு கேள்வி. அதான் கொணந்தேன்." கரத்தையைத் திருப்பிக்கொண்டு போகும்போது தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே போனார்.

பெயர் அங்கம்மா. வயது இருபது, இருபத்திரண்டு இருக்கும். மடுல்கெல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை, நிலத்தில் குந்தினாள். மேசைக்கு அந்தப் பக்கம் மிஸ் பார்லோ அச்சடித்த படிவத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். நான் தமிழில் கேட்டு இங்கிலீசில் சொன்னேன்.

"ஏன் வீட்டை விட்டிட்டு வந்தனீங்கள்?"

"வீட்டுக்காரரு கையை முறுக்கி வெளிய தள்ளிட்டாருங்க."

வீட்டுக்காரர் என்றால் எங்களுக்கு வீட்டின் சொந்தக்காரர். தோணிக்காரர், கடைக்காரர், வளவுக்காரர் என்பது போல. ஆகவே வாடகை வீட்டின் சொந்தக்காரர் கையை முறுக்கித் துரத்திவிட்டாராம் என்று இங்கிலீசில் சொன்னேன். மிஸ் பார்லோவின் பேனை ஒரு கணம் நின்றது. கோபம் வந்தால் அவருக்குக் காது சிவக்கும். அடுத்த கேள்வி கணவனைப் பற்றியது.

"மனிசன் இருக்கிறாரோ?" என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் ஒருத்தியின் மனிசன் என்றால் அவளுடைய கணவன். வேறு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியாது.

அங்கம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். உதடு சற்றுக் கோணியது. "மனுசன்னு சொல்ல அங்க யாருங்க இருக்கா?"

கணவன் இல்லை என்று சொன்னேன். "விதவையா?" என்றார் மிஸ் பார்லோ. கழுத்தைப் பார்த்தேன். ஈரச் சேலையைத் தாடைவரை இழுத்துப் போர்த்தியிருந்தாள். விலக்கிக் காட்டச் சொல்வது மரியாதையில்லை என்று விட்டுவிட்டேன். "அப்படித்தான் இருக்க வேண்டும்" என்றேன். இந்த "வேண்டும்" என்ற சொல்லை நினைத்து இன்றும் எனக்கு வெட்கம்.

கடைசியாக வீட்டுக்காரரின் பெயர் என்ன என்று கேட்டேன். கேட்கக்கூடாததைக் கேட்டதுபோல அவள் தலையைக் குனிந்தாள்.

"அதை எப்படிங்க என் வாயால சொல்றது?"

பெயரைச் சொல்லப் பயப்படுகிறாள் என்று மொழிபெயர்த்தேன். இந்த இடத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். என் அம்மா ஐயாவின் பெயரை ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. தபாற்காரன் கேட்டால், "பிள்ளை, இஞ்சை வந்து சொல்லு" என்று என்னைக் கூப்பிடுவா. அதே அம்மாவுக்குப் பிறந்து, அதே வழக்கத்தை நாளும் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் பரீட்சைக்கு இருந்த பிள்ளை மாதிரி, அடுத்த கேள்விக்கு இங்கிலீசு தேடிக்கொண்டிருந்தேன்.

மிஸ் பார்லோ ஒழுங்கான பெண். கூலியாட்களின் வரிசை வீடுகளான தோட்டத்து லயத்தில் இருப்பவளுக்கு வீட்டின் சொந்தக்காரர் யார் என்று யோசித்தார். லயம் தோட்டத்துக்குச் சொந்தம், தோட்டத்துக்குப் பொறுப்பு சூப்பிரின்டென்ட் துரை. ஆகவே அன்றே அந்தத் துரைக்கு ஒரு கடிதம் எழுதினார். ஓர் ஏழை விதவையின் கையை முறுக்கி மழையில் தள்ளுவதற்கு ஓர் ஆங்கிலேயருக்கு எப்படி மனம் வந்தது என்பது அதன் சாரம். விடுதியின் விலாசத்தைத் தெளிவாக மேலே எழுதியிருந்தார். முத்திரை ஒட்டித் தபாலில் போட்டவள் நான்தான்.

இரண்டு நாள் போயிற்று. டொக்டர் வந்து கைக்குப் பலகை வைத்துக் கட்டினார். எலும்பு வெடித்திருக்கிறது, முன்போல வளையாது என்றார். அங்கம்மா ஒற்றைக் கையால் கோப்பை கழுவினாள், முற்றம் கூட்டினாள். பேச்சு அதிகமில்லை. வாசலில் ஆண்குரல் கேட்டால் மட்டும் குசினிக்குள் போய்விடுவாள். பாண்காரன் வந்தாலும் அப்படித்தான். கட்டிலில் படுக்கமாட்டாள், கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் பாயை விரித்துப் படுப்பாள். மற்றப் பெண்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் கொடியடியில் அவளுடைய சேலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் வந்து நின்றாள். அவளாக வந்து என்னோடு பேசியது அதுதான் முதல் தரம்.

"உங்க வீட்டுக்காரரு எங்கங்க இருக்காரு?"

"பேராதனையிலை" என்றேன். "மாதத்திலை ஒருக்கால் வருவார்."

"ஒருக்காத்தானா?" அவள் முகத்தில் இரக்கம் தெரிந்தது. "வந்தா நல்லாப் பேசுவாருங்களா?"

"எங்கை? கூரை ஒழுகுது எண்டு எத்தனை தரம் சொல்லியாச்சு. கேட்கிற ஆளில்லை. வாசலிலை நிண்டு ரெண்டு சொல்லுக் கதைச்சிட்டுப் போயிடுவார்."

"உள்ளாற வரமாட்டாரா?"

"அவர் ஏன் உள்ளுக்கு வாறார்? சிங்கள ஆள். அண்ணரோடைதான் கதை."

அங்கம்மா நல்ல கையால் என் தோளைத் தொட்டாள். துயரப்படுகிறவளைத் தொடுவது போல அது இருந்தது.

"கட்டிக்கிட்டு எத்தனை வருசமாச்சுங்க?"

"எதை?"

"அவரைத்தானுங்க. உங்க வீட்டுக்காரரை."

கொடியைப் பிடித்தபடி நின்றேன். புதன்கிழமை அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொன்றாகத் தன் சரியான இடத்தில் போய் இருந்தது. அது ஒரு சுகமான உணர்ச்சி அல்ல. கையை முறுக்கியவன் அவளுடைய கணவன். பெயரைச் சொல்லாதது பயத்தினால் அல்ல. மனுசன் இல்லை என்று அவள் சொன்னது அங்கே இருக்கிறவர்களின் குணத்தைப் பற்றியது. விளக்கம் கேட்டபோது அவள் இன்னும் ஒன்று சொன்னாள்: "நான் எங்க இருக்கேன்னு அதுக்குத் தெரியாதுங்க. அதாலதான் தூங்குறேன்."

ஓடிப்போய் மிஸ் பார்லோவிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். எங்கள் விலாசத்தோடு அந்தக் கடிதம் நேற்றே தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

"எத்தனை தமிழ் இருக்கிறது?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரிந்து இரண்டு. இன்னும் இருக்கலாம்" என்றேன். அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலை அவர்கள் வந்தார்கள். கோட்டுப் போட்ட கங்காணி ஒருவர், பின்னால் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மெலிந்த ஓர் ஆள். எனக்கு ஏதோ அரக்கனைப் பார்க்கப் போகிறேன் என்ற எண்ணம் இருந்தது. இவனோ தெருவில் எதிர்ப்பட்டால் தானே வழி விலகி நிற்கக்கூடிய ஆள். கங்காணி துரையின் கடிதத்தைக் கொடுத்தார். பெண்களின் கையை முறுக்குவது தனக்கு வழக்கமில்லை என்றும், அந்த வழக்கம் உள்ள ஆளை இத்துடன் அனுப்புவதாகவும், புத்தி சொல்லிப் பெண்ணை அவனோடு அனுப்பிவைக்குமாறும் துரை எழுதியிருந்தார். பகிடி விடத் தெரிந்தவர்.

கமிட்டிச் சட்டத்தில் இதற்கும் ஒரு பிரிவு உண்டு. கணவன் வந்து கேட்டால் பெண்ணை அவன் முன்னால் நிறுத்திக் கேட்க வேண்டும். அவள் சொல்வதே முடிவு. அங்கம்மாவைக் கூப்பிட்டோம். குசினிக் கதவடியிலிருந்து வந்து, யாருமில்லாத ஒரு கதிரைக்குப் பின்னால் நின்றாள். அந்த ஆள் அவளைப் பார்த்து, "வா, போவோம். மழை வரப்போவுது" என்றான். குரலில் கோபமில்லை. சந்தைக்கு வந்த இடத்தில் கூப்பிடுவது போலத்தான் கூப்பிட்டான்.

மிஸ் பார்லோ என்னைப் பார்த்தார். நான் கேட்டேன். இந்த முறை மனிசன் என்றும் சொல்லவில்லை, வீட்டுக்காரர் என்றும் சொல்லவில்லை. "இவரோடை போக உங்களுக்கு விருப்பமோ, விருப்பமில்லையோ?"

"கூப்பிட வந்திருக்காரே. போகத்தானுங்களே வேணும்" என்றாள் அங்கம்மா.

சொன்னது அதுதான், வேறு அர்த்தம் எடுக்க வழியில்லை. ஆனால் அவளுடைய இடது கை கதிரையின் மேற்சட்டத்தைப் பிடித்திருந்தது. விரல் நுனிகளில் இரத்தம் வற்றி நகங்கள் வெளுத்துப் போயிருந்தன. அவ்வளவு இறுக்கமாக ஒருவர் ஒரு கதிரையைப் பிடித்து நான் பார்த்ததில்லை.

"அவளுக்குப் போக விருப்பமில்லை" என்று இங்கிலீசில் சொன்னேன்.

கங்காணி திரும்பி என்னைப் பார்த்தார். துரைமாரோடு பழகியவர், அந்தளவு இங்கிலீசு அவருக்கு விளங்கும். அவர் வாயைத் திறந்தால் என் வேலை போவது ஒரு பக்கம், அவளுடைய கதை அதோடு முடிந்தது. மிஸ் பார்லோ எழுந்து நின்று, நேர்காணல் முடிந்தது என்றார். அந்த ஆளுக்கு நான் அதைச் சொன்னேன். அவன் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டான், போனான். படலையடியில் கங்காணி பிந்தி நின்றார்.

"அந்தப் புள்ள அப்படியாங்க சொல்லுச்சு?"

"ஓம்" என்றேன்.

"சரிங்க" என்றார். குடையை விரித்துக்கொண்டு நடந்தார். நல்லவரா, களைத்தவரா, வீண் சோலி என்று விட்டவரா, தெரியாது.

அன்று பின்னேரம் அங்கம்மா கேட்டாள்: "நான் போறேன்னுதானே சொன்னேன். துரைசாணிகிட்ட என்னங்க சொன்னீங்க?"

"போகமாட்டீங்கள் எண்டு சொன்னன். உங்கடை கையைப் பாத்துச் சொன்னன்."

அவள் தன் இடது கையை விரித்துப் பார்த்தாள், வேறு யாருடையதையோ பார்ப்பது போல. நன்றி சொல்லவில்லை, கோபிக்கவும் இல்லை. சிறிது நேரம் கழித்து, "அப்ப என் கோழி ரெண்டு?" என்றாள். "அடைக்கு வச்சிட்டு வந்தேனுங்க." ஒருத்தியின் வாயை வாங்கி நான் பேசியபோது அந்தக் கோழிகளை நான் கணக்கில் எடுக்கவில்லை.

முதலில் செய்த பிழை தெரியாமல் செய்தது, இரண்டாவது தெரிந்து செய்தது. ஊருக்கு வரும்போது நான் இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் முதற்பகுதிக்குச் சிரிப்பார்கள், இரண்டாம் பகுதிக்கு "நல்ல வேலை செய்தாய்" என்பார்கள். இருக்கலாம். ஆனால் அதன் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்போது யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

கணவன் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று பதிவில் ஏறிய பெண்ணை விடுதி எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? அவளுடைய சேலை மட்டும் மூன்று கிழமை காயாமல் இருந்தது, அதற்கு மேல் மிஸ் பார்லோவாலும் கமிட்டிக்குப் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டு வேலைக்கு வைக்கலாமா என்று கெலிஓயாவில் ஒரு கடைக்காரர் வீட்டிலும், கண்டியில் இரண்டு பறங்கி வீடுகளிலும் கேட்டோம். வளையாத கையைப் பார்த்துவிட்டு மூன்று இடத்திலும் பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம் என்றால் இல்லை என்பது எல்லாத் தமிழிலும் ஒன்றுதான். அது தேயிலை விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலம். போகச் சம்மதிக்கிற தோட்டத்துச் சனங்களை அரசாங்கமே செலவு ஏற்று இந்தியாவுக்கு அனுப்பியது. கமிட்டியில் ஒருவருக்கு அந்த யோசனை வந்தது. துரை ஒரு பேச்சுமில்லாமல் பத்துச்சீட்டு எழுதிக் கொடுத்தார், தோட்டத்திலிருந்து பெயர் வெட்டியாயிற்று என்பதற்கு அது அத்தாட்சி.

"அவளை வீட்டுக்கு அனுப்பப் போகிறோம் என்று சொல்" என்றார் மிஸ் பார்லோ, சந்தோஷமாக.

அந்தச் சொல்லை நான் அப்படியே சொல்லவில்லை, அவ்வளவாவது படித்திருந்தேன். "ஊருக்கு அனுப்பப் போகினமாம்" என்றேன். "இந்தியாவுக்கு."

"ஊருன்னா எங்கப்பா சொல்லும். திருச்சிப் பக்கம்னு" என்றாள் அங்கம்மா. "நான் பார்த்ததில்லீங்க. நான் மடுல்கெல்லையில பொறந்தவ."

"அங்கை ஆர் இருக்கினம்?"

"ஒரு மாமா இருந்தாருன்னு சொல்லுவாங்க."

"போக விருப்பமோ?"

"சரிங்க."

இந்தச் "சரிங்க"வைப் பற்றி இப்போது எனக்கு ஓரளவு தெரியும். அது சம்மதம் அல்ல. மறுப்பும் அல்ல. நீ சொன்னது என் காதில் விழுந்தது, உன்னை மறிக்கிற பலம் எனக்கு இல்லை என்பதற்கு அடையாளம். அன்றைக்கும் அது எனக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் படிவத்தில் அதற்கு இடமில்லை. ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. மிஸ் பார்லோ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆம் என்றேன்.

என் தம்பியின் கலியாணத்துக்காக நான் லீவு கேட்டிருந்தேன். அதே நாளுக்கு அங்கம்மாவின் பயணமும் ஒழுங்காயிற்று, மதவாச்சிவரை நான் துணை. கண்டி ஸ்டேஷனுக்கு மிஸ் பார்லோ வந்தார். ஒரு புதுக் கம்பளியை அவள் கையில் வைத்தார். அங்கம்மா குனிந்து அவர் காலைத் தொட்டாள். "போயிட்டு வர்றேங்க" என்றாள்.

"என்ன சொல்கிறாள்?"

எட்டுத் திசையிலும் தமிழர் விடைபெறும்போது சொல்லும் சொல் அது. போகிறேன் என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை, அபசகுனம். விடைபெறுகிறாள் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் என்னவோ, அன்று சொல்லுக்குச் சொல் சரியாக மொழிபெயர்க்க வேண்டும் போல இருந்தது.

"போய்விட்டுத் திரும்பி வருவாளாம்" என்றேன்.

மிஸ் பார்லோவின் முகம் வாடியது. "ஐயோ பாவம், அவளுக்கு விளங்கவில்லை. இது ஒரு வழிப் பயணம். இந்தச் சலுகையில் போனவர்கள் திரும்பி வர முடியாது. தயவுசெய்து அதைத் தெளிவாகச் சொல்."

அங்கம்மா என்னைப் பார்த்தாள். "என்னங்க சொல்றாங்க?"

"சுகமாப் போட்டு வரட்டாம்" என்றேன். தெரிந்து செய்த பிழைகளில் அது மூன்றாவது.

பொல்காவலையில் மாறி வடக்கே போகும் வண்டியில் ஏறினோம். மலை முடிந்தது. அவள் யன்னலை விட்டு அசையவில்லை. குருநாகலைத் தாண்டித் தரை மட்டமாகி, வானம் கீழே இறங்கி வந்தபோது எனக்கு மூச்சு இலகுவாயிற்று. அவள் கம்பளியை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டாள். "எல்லாம் தொறந்து கெடக்குங்களே" என்றாள். "ஒளிஞ்சுக்க ஒண்ணுமில்ல." அவளுக்கு அது பயமாக இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரே யன்னலால் ஒரே வெளியைத்தான் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு போனோம்.

மதவாச்சியில் தலைமன்னார் போகிறவர்கள் வண்டி மாற வேண்டும். மேடையின் மற்றப் பக்கம் அந்த வண்டி நின்றது. அதில் முழுக்கத் தோட்டத்துச் சனங்கள்: மூட்டை, சட்டி, பிள்ளைகள், ஒரு கூடையில் கோழி. கங்காணித் தோரணையில் இருந்த ஒரு வயதானவரிடம் அவளை ஒப்படைத்தேன். தனியாக வந்தவள் என்று சொன்னேன். அவர், "எங்க புள்ளைகளோட புள்ளையா வரட்டுமுங்க" என்று இடம் ஒதுக்கிக் கொடுத்தார். அவள் யன்னலோரம் இருந்தாள்.

"உங்க ஊரு எந்தப் பக்கங்க?"

வடக்கைக் காட்டினேன்.

"என் ஊரு?"

பயணச் சீட்டில் உள்ளபடி மேற்கைக் காட்டினேன். அவள் நான் காட்டிய பக்கம் தலையைத் திருப்பி, மரியாதைக்காக ஒரு தரம் பார்த்தாள்.

என் வண்டி முதலில் புறப்படப் போவதாக மணி அடித்தது. ஓடி ஏறினேன். என் இடத்தில் வேறு யாரோ இருந்தார்கள். முதுகு இயந்திரத்தின் பக்கமும் முகம் பின்பக்கமுமாக இருக்கும் ஓர் ஆசனம்தான் மிச்சமிருந்தது, அதில் இருந்தேன். வண்டி அசைந்தபோது அவளுடைய யன்னல் தெரிந்தது. அவள் மேற்கே பார்க்கவில்லை. தலையை வெளியே நீட்டி, நாங்கள் வந்த தண்டவாளத்தை, கண்டிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இருந்த ஆசனமும் என்னை அந்தப் பக்கமே பார்க்க வைத்தது. இரண்டு பேரும் ஒரே திக்கைப் பார்த்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கமாக எங்கள் ஊர்களுக்குப் போனோம்.